இரண்டு விடுதலைகள்: தமிழ்க் கிறிஸ்தவர்களும் தேசிய இயக்கமும்

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே தேசிய உணர்வு முதன்முதலில் வெளிப்பட்ட இடம் திருச்சபைதான். வெள்ளையர் ஆட்சியைக் கேள்வி கேட்பதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் வெள்ளைக்கார மிஷனரியின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டுவிட்டார்கள். காங்கிரஸ் பிறப்பதற்கு 28 ஆண்டுகளுக்கு முன், 1857இல், திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்தை அடுத்த மூக்குப்பீறியில் அருமைநாயகம் என்கிற சட்டம்பிள்ளை தம் ஆதரவாளர்களோடு ஆங்கிலிக்கன் மிஷனை விட்டு வெளியேறித் தனிச்சபை கண்டார். மிஷனரியிடம் உபதேசியாராக இருந்து, அவரோடு முரண்பட்டு, வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். இந்தச் சொந்தப் பகைக்குப் பின்னால் ஊர்ப்பகையும் இருந்தது. இடையன்குடி மிஷனரி கால்டுவெல் 1849இல் நாடார்களைப் பற்றி எழுதி வெளியிட்ட ஆங்கில நூல் அந்தச் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்ற குமுறல் படித்த இளைஞர்களிடம் பரவியிருந்தது.

சட்டம்பிள்ளையின் சபை வெளிநாட்டுப் பணத்தையும் வெளிநாட்டுக் குருவையும் ஏற்கவில்லை. ஐரோப்பியர் கொண்டுவந்த வழிபாட்டு முறைகளைக் கழித்துவிட்டு, பழைய ஏற்பாட்டிலிருந்து நேராகத் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது: சனிக்கிழமை ஓய்வுநாள், சாம்பிராணி, அமாவாசைப் பண்டிகை, தரையில் விழுந்து வணங்குதல். வேதத்தை அறிய இடையில் ஓர் ஐரோப்பியன் தேவையில்லை என்பதே இதன் உட்பொருள். மிஷனரிகள் இதை விநோதமான மதக்குழு என்று ஒதுக்கினார்கள். ஆனால் பின்னால் வந்த தேசியக் கிறிஸ்தவர்கள் எழுப்பிய கேள்விகளில் பாதி இங்கேயே எழுப்பப்பட்டுவிட்டது. பணம் யாருடையது, குருவை நியமிப்பது யார், இந்த மண்ணின் பழக்கங்களுக்குச் சபையில் இடமுண்டா என்பவை அவை.

1886இல் சென்னையில் டாக்டர் பழனி ஆண்டி தொடங்கிய தேசியச் சபை, இதே எண்ணத்தை நகரத்துப் படித்தவர்களுக்கு ஏற்ற வடிவில் முன்வைத்தது. இங்கிலாந்தில் மருத்துவம் படித்துத் திரும்பிய அவர், லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று ஐரோப்பாவில் மூண்ட சண்டைகளை இந்தியர் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் காளிசரண் பானர்ஜியும் நண்பர்களும் கிறிஸ்தோ சமாஜத்தைத் தொடங்கினார்கள். இரண்டிலும் சேர்ந்தவர்கள் கைவிட்டு எண்ணக்கூடியவர்களே. மிஷன் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவன் மிஷனை எதிர்த்துச் சபை மாற முடியாது என்ற எளிய காரணமே போதுமானது. 1890இல் சென்னையிலிருந்து வரத் தொடங்கிய ‘கிறிஸ்டியன் பேட்ரியட்’ என்ற ஆங்கில வார இதழ் கூடுதல் பயன் தந்தது. கிறிஸ்தவனாக இருந்தால் தேசபக்தனாக இருக்க முடியாது என்ற பேச்சுக்கு அதன் பெயரே பதிலாக அமைந்தது.

திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவினார்கள். நன்கொடை தமிழ்க் கிராமங்களிலிருந்து வந்தது. ஊழியர்களும் நிர்வாகிகளும் தமிழர்களே. பணிக்களமாக நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. அதுவரை தருமம் பெறுபவர்களாகவே கருதப்பட்டவர்கள் தாமே அனுப்புகிறவர்களாக மாறினார்கள். இதில் முன்நின்றவர் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945). 1905 கிறிஸ்துமஸ் நாளில், செராம்பூரில் வில்லியம் கேரியின் நூலகத்தில் கூடி, நாடு தழுவிய தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். அதன் முதல் செயலாளரும் அவரே. அந்த ஆண்டு அக்டோபரில்தான் வங்காளம் பிரிக்கப்பட்டு, சுதேசிக் கிளர்ச்சி கொழுந்துவிட்டு எரிந்தது. அந்நியத் துணியை விலக்கு என்ற கூக்குரல் தெருவில் எழுந்த அதே மாதங்களில், அந்நியப் பணத்தை விலக்கு என்ற முடிவு சபைக்குள் எடுக்கப்பட்டது.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. சுமார் 1,200 பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபதுக்கும் குறைவு. அசரியா அங்கே எழுந்து, இந்திய ஊழியரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடாத, வீட்டுக்கு அழைக்காத மிஷனரிகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். உங்கள் தியாகங்களுக்கு நன்றி, எங்களுக்கு வேண்டியது நட்பு என்பது அவர் பேச்சின் சாரம். அரங்கில் சலசலப்பு எழுந்தது. இரண்டரை ஆண்டு கழித்து, 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தா பேராலயத்தில் அவர் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

இந்தியர் கைக்குச் சபை வரவேண்டும் என்ற கோரிக்கை இப்படி வளர்ந்துகொண்டிருக்கையில், சபைக்குள் எந்த இந்தியர் எங்கே உட்காருவது என்ற கேள்வி தீராமலே கிடந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைகளில் சாதி வேறுபாட்டை அறவே ஒழிக்க ஆணையிட்டபோது, தஞ்சை, வேப்பேரி சபைகளில் உயர்சாதியினர் கூட்டமாக வெளியேறினார்கள். கீர்த்தனைகளுக்காக இன்றும் கொண்டாடப்படும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சாதி வழக்கங்களைக் காக்க மிஷனரிகளோடு வாதாடியவர்தான். மிஷனரி சாதியை எதிர்த்தால் அது அந்நியனின் தலையீடு என்று சொல்ல முடிந்தது. சபையின் சுதந்திரம் என்ற சொல்லுக்குள் இந்த ஆபத்து தொடக்கத்திலிருந்தே ஒளிந்திருந்தது.

கத்தோலிக்கர் நிலையும் மாறுபட்டதல்ல. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட கோயில் அதற்குக் கல்லில் எழுதிய சாட்சி. பீடத்திலிருந்து இரண்டு நீண்ட கூடங்கள் இரு பக்கமாகப் பிரியும். ஒன்றில் வெள்ளாளரும் அவர்களோடு சேர்ந்தவர்களும், மற்றதில் நாடார்களும் உட்கார்ந்தார்கள். நடுவில் சுவர். பூசை வைக்கும் குரு இரு சாராருக்கும் தெரிவார். ஒரு சாராரை மற்றவர் பார்க்க முடியாது. கட்டட அமைப்பைப் பார்த்து ஊரார் அதைக் காற்சட்டைக் கோயில் என்றே அழைத்தார்கள். 1910இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடிக்கச் செய்தார். வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் ஏறியது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, சாதிப் பிரிவினைக்கு உரிமை கேட்டவர்கள் தோற்றார்கள். சுவரை இடித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், காக்க முயன்றவர்கள் மண்ணின் மைந்தர்கள் என்பதைத் தேசியவாதிகள் விளக்க வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலைப் பொருளாதாரப் பக்கமிருந்து அணுகியவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால் (1876–1931). தேசிய மிஷனரி சங்கத்தில் அசரியாவின் தோழராகப் பணியாற்றியபின், 1916இல் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச் செயலாளரானார். நகரத்து மாணவர்களுக்கான விடுதி, பந்தாட்டம் என்றிருந்த அந்த அமைப்பை அவர் கிராமத்துக்குத் திருப்பினார். கிராமக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள், ஒடுக்கப்பட்ட சாதியினர். கந்துவட்டிக்காரனிடம் அடகு கிடக்கும் குடும்பத்துக்குப் பிரசங்கம் எந்த விடுதலையையும் தராது என்பது அவர் கண்ட உண்மை. எனவே கூட்டுறவுக் கடன் சங்கங்களையும் அவற்றுக்குப் பணம் தர ஒரு மைய வங்கியையும் முயன்று அமைத்தார். திருவிதாங்கூரில் அன்றிருந்த மார்த்தாண்டத்தில் உருவான ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையம் அந்தத் திட்டத்தின் பெயர்பெற்ற விளைச்சல். ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கரின் பொறுப்பில் அங்கே தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் கற்றுத்தரப்பட்டன. முட்டையைத் தரம் பிரித்து விற்கக் கூட்டுறவு அமைந்தது. மார்த்தாண்டம் தேனுக்கு இன்றுள்ள பெயருக்கு வேர் அங்கேதான்.

பாலைவிட வேகமாக அரசியலில் குதித்தவர் மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் (1887–1938). செங்கன்னூரில் பிறந்த சிரியன் கிறிஸ்தவர். ஹோம் ரூல் இயக்கத்தில் தொடங்கி, மதுரை ஆலைத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டி, ஒத்துழையாமைக்காகத் தொழிலை விட்டுச் சிறை சென்றவர். மதுரைப் பக்கத்துக் கிராமங்கள் அவரை நினைப்பது வேறொன்றுக்காக. குற்றப் பரம்பரைச் சட்டம் பிறமலைக் கள்ளர்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கியது. கைரேகைப் பதிவும் இரவு ஆஜரும் கட்டாயம். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்படப் பலர் மாண்டார்கள். அம்மக்களுக்காக ஜோசப் நீதிமன்றத்தில் வாதாடினார், பத்திரிகைகளில் எழுதினார். கோட்டில் ரோஜா செருகிய அந்த வக்கீலை அவர்கள் ரோசாப்பூ துரை என்றார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கும் வழக்கமும் கள்ளர் குடும்பங்களில் ஏற்பட்டது.

1924 மார்ச் 30 அன்று திருவிதாங்கூரின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் தொடங்கியபோது, ஜோசப் அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார். அவர் பார்வையில் அது மதப் பிரச்சினை ஆகாது. பொதுத் தெருவில் நடப்பது குடிமகனின் உரிமை. அதற்காகப் போராட யாருடைய மதமும் தடையில்லை. காந்தி அப்படி நினைக்கவில்லை. தீண்டாமை இந்துக்களின் பாவம், அதைக் கழுவ வேண்டியவர்கள் இந்துக்களே. ஆகவே கிறிஸ்தவர் ஒதுங்கியிருப்பது நல்லது என்று ஏப்ரல் 6 அன்று அவருக்கு எழுதினார். சில நாட்களில் ஜோசப் கைதானார். தலைவர்கள் வரிசையாகச் சிறை சென்ற நிலையில் பெரியார் வைக்கம் போய்ச் சேர்ந்தார். சமூக மாற்றத்தில் கிறிஸ்தவருக்குப் பங்குண்டா, இல்லை நாட்டின் ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றிய கேள்வியில் அவர் விருந்தாளி மட்டுமா என்ற பிரச்சினையை இந்தக் கடிதம்போல வேறெதுவும் கூர்மையாக வெளிக்கொணரவில்லை. ஜோசப்புக்கும் காந்திக்கும் இடையே விழுந்த விரிசல் பின்னர் முழுதாக ஒட்டவே இல்லை.

காந்தியோடு இறுதிவரை நின்றவர் ஜே. சி. குமரப்பா (1892–1960). தஞ்சையில் பிறந்தபோது ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்காய்வு பயின்று, பம்பாயில் சொந்த நிறுவனம் நடத்தி, பின் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். இந்தியா ஏழையாக இருப்பதற்கு ஆங்கிலேயரின் வரிக்கொள்கையே காரணம் என்று அங்கே எழுதிய ஆய்வை வெளியிட வழிதேடி, 1929 மே 9 அன்று சபர்மதிக்குப் போனார். மேல்நாட்டு உடை, கையில் ஊன்றுகோல். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் ராட்டை நூற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவரைப் பார்த்தபடி நின்றார். நேரம் வந்ததும் அந்தக் கிழவரே, நீங்கள் குமரப்பாதானே என்று கேட்டார். உடையின் மடிப்பை மறந்து அவரும் தரையில் உட்கார்ந்தார். காந்தி அவரைக் குஜராத்தின் கேடா மாவட்டம் மாத்தர் தாலுகாவுக்கு அனுப்பினார். அங்கே 50க்கு மேற்பட்ட கிராமங்களின் வருமானத்தையும் வரியையும் குஜராத் வித்யாபீடம் என்ற கல்வி நிலையத்தின் மாணவர்களைக் கொண்டு கணக்கெடுத்தார் குமரப்பா. கணக்காய்வாளரின் பேனா ஆட்சிக்கு எதிரான ஆயுதமானது அப்போதுதான்.

1930இல் சட்டமறுப்புத் தொடங்கியதும், இந்திய ஆங்கிலிக்கன் சபையின் தலைவரான பேராயர் வெஸ்ட்காட், அது கிறிஸ்துவின் போதனைக்கு விரோதமானது என்றார். அதிகாரங்களுக்குக் கீழ்ப்படி என்ற பவுலின் வசனம் எந்த ஆட்சிக்கும் கைகொடுக்கும். குமரப்பா வேத வசனங்களைக் கொண்டே மறுத்து எழுதினார். அநியாயத்துக்கு அடங்குவதைக் கிறிஸ்து எங்கும் கற்பிக்கவில்லை, தாமே மதத் தலைவர்களையும் ஆள்வோரையும் எதிர்த்துச் சிலுவைக்குப் போனார் என்பது அவர் வாதம். காந்தி சிறையில் இருந்தபோது ‘யங் இந்தியா’வை நடத்தி அவரும் சிறை சென்றார். 1934இல் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியதும் அதன் பொறுப்பேற்று, அங்கே அதன் தலைமையகமான மகன்வாடியில் மாட்டுச்செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம் ஆகியவற்றை மேம்படுத்தும் சோதனைகளை நடத்தினார். 1942 போராட்டத்துக்குப் பிந்திய சிறைவாசத்தில் ஜபல்பூரில் எழுதிய இரு நூல்களில் ஒன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. மற்றது இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. அவருக்கு இரண்டும் ஒரே விஷயத்தின் இரு பகுதிகள். கடைசி ஆண்டுகளை மதுரை அருகே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று காலமானார்.

வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் 1921இல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் இதே பாதையின் இன்னொரு தடம். நிறுவியவர்கள் இருவரும் மருத்துவர்கள்: தமிழரான சவரிராயன் ஜேசுதாசன், ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஊராருக்கு அவர்கள் பெரியண்ணனும் சின்னண்ணனும். தமிழர் பெரியண்ணன், வெள்ளையர் சின்னண்ணன் என்ற வரிசையே அன்றைய மிஷன் உலகில் ஒரு கலகம். இருவரும் மணம் புரியாமல், கதர் உடுத்தி, தரையில் உட்கார்ந்து உண்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். கோபுரமும் தூண் மண்டபமுமாகத் திராவிடக் கோயில் பாணியில் ஜெபாலயம் எழுப்பினார்கள். 1932இல் சென்னைக்கு வந்த சின்னண்ணன், அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த தெருவில் கதருடன் காணப்பட்டதால் போலீஸ் தடியடிக்கு ஆளானார்; சாய நீரையும் பீய்ச்சியடித்தார்கள். அடிபட்டவர் ஸ்காட்லாந்துக்காரர் என்று தெரிந்ததும் விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுந்தது. அதே தெருக்களில் அடிபட்ட தமிழர்களைப் பற்றி அங்கே யாரும் விசாரிக்கவில்லை.

ஆனால் எல்லாக் கிறிஸ்தவர்களும் காங்கிரஸ் பக்கம் சாய்ந்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. 1930இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் போன இருவரும் தமிழர்கள். இருவரும் எதிரெதிர் நிலையில் நின்றார்கள். கிறிஸ்தவர் மட்டுமே வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதியைக் கே. டி. பால் எதிர்த்தார். கிறிஸ்தவர் தனிக் கூடாரம் போட்டால் நாட்டோடு ஒட்டவே முடியாது என்றார். தஞ்சைக் கத்தோலிக்கரும் நீதிக்கட்சித் தலைவருமான ஏ. டி. பன்னீர்செல்வம் தனித் தொகுதி கேட்டார். மாநாட்டிலிருந்து திரும்பிய சில மாதங்களில் பால் மறைந்தார். அடுத்த மாநாட்டில் சிறுபான்மையினர் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பன்னீர்செல்வம் கையெழுத்திட்டார். பாலின் இடத்துக்கு வந்த எஸ். கே. தத்தா அதை ஏற்கவில்லை. 1932 வகுப்புவாரித் தீர்ப்பு பன்னீர்செல்வம் கேட்டதைத் தந்தது. 1937இல் அமைந்த 215 பேர் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் இந்தியக் கிறிஸ்தவருக்கு 8 இடங்கள்.

பன்னீர்செல்வத்தைப் பிரிட்டிஷ் ஆதரவாளர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது தேசியவாத வரலாற்றின் பழக்கம். அது நியாயமில்லை. நாடு விடுதலை பெற்றால் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்ற நீதிக்கட்சியின் கேள்வியே அவர் கேள்வியும். 1938 இந்தி எதிர்ப்பில் அவர் முன்னணியில் நின்றார். 1940 மார்ச் 1 அன்று விமான விபத்தில் மறைந்தார். பால் தேசத்தை முதலில் வைத்தார். பன்னீர்செல்வம் தேசத்துக்குள் தம் மக்களின் இடத்தை முதலில் வைத்தார்.

இரண்டுக்கும் நடுவில் அசரியா நின்றார். அவரும் தனித் தொகுதியைக் கண்டித்தவர். ஆனால் தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்று, சபை 2 லட்சத்தைத் தாண்டியபோது, காந்தியோடு மோத வேண்டி வந்தது. எழுத்தறிவில்லாத மக்கள் கூட்டமாக மதம் மாறுவது ஆன்மிகமில்லை என்றார் காந்தி. தம் வாழ்வைத் தாமே தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்பது பேராயரின் நிலை. 1935இல் அம்பேத்கர் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்ததும் இந்த வாதம் கொதிநிலைக்குப் போனது. காந்திக்குச் சொன்ன பதிலில் அசரியா வலுவாக நின்றார். அம்பேத்கரைப் போன்றவர்கள் சபைகளின் சாதிப் பிளவைச் சுட்டியபோது அவரிடம் அதே வலு இல்லை. இந்துச் சாதியை விட்டு வருகிறவனுக்குக் கிறிஸ்தவச் சாதி காத்திருந்தது அவருக்கும் தெரிந்ததுதான்.

சென்னையில் சிந்தனையாளர் குழு ஒன்று இதைவிடத் தொலைவுக்குப் போனது. பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் 1938இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டை ஒட்டிக் கட்டுரைத் தொகுதி ஒன்றை வெளியிட்டு, ஐரோப்பியச் சபை அமைப்பே இந்தியாவுக்குத் தேவைதானா என்று கேட்டார்கள். இறையியல் எழுதிய சக்கரையே தொழிற்சங்கத் தலைவராகவும் 1941இல் சென்னை மேயராகவும் இருந்தார்.

பேச்சளவில் நெடுங்காலம் நின்ற சபை ஒற்றுமை கடைசியில் நடந்தேறியது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் அசரியா உள்ளிட்ட குருமார் தொடங்கிவைத்த பேச்சுவார்த்தை, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. நாடு விடுதலை பெற்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அசரியா இரண்டையும் காணவில்லை. 1945 புத்தாண்டு நாளில் காலமாகிவிட்டார். அரசியல் நிர்ணய சபையில் எச். சி. முகர்ஜி, சென்னை மாகாணத்தின் சார்பில் சென்ற ஜெரோம் டிசூசா அடிகளார் முதலிய கிறிஸ்தவ உறுப்பினர்கள் சட்டமன்ற இட ஒதுக்கீடு தங்களுக்கு வேண்டாம் என்றார்கள். 1949 மே மாதம் மதச் சிறுபான்மையினருக்கான தனி இடங்கள் கைவிடப்பட்டன. கே. டி. பாலின் கொள்கை வென்றது. பெரிய மனதோடு செய்த தியாகம்தான். ஆனால் அதை அறிவித்தவர்களில் சேரியிலிருந்து வந்த கிறிஸ்தவர் எவரும் இல்லை.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் விலக்குப் பெற்றார்கள். தலித் கிறிஸ்தவர்கள் பெறவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துவந்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர், தன்னைப் போன்ற தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை மதத்தின் காரணமாகத் தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். சாதியின் கொடுமை மதம் மாறிய பின்பும் அதே கடுமையோடு தொடர்கிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, நீதிமன்றம் 1985இல் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது.